துவைக்காமல் கொடுத்த சட்டை

மதினி ஒரு அரிசிச் சாக்கை என் மேசைமேல் கவிழ்த்த காலையை நினைத்தால், இன்றைக்கும் முதலில் மூக்குக்குத்தான் ஞாபகம் வருகிறது. மதுரை பழங்காநத்தத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடிப்படி முடிகிற இடத்தில் என் அலுவலகம். அலுவலகம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், வருகிறவர்கள் உட்கார நாற்காலிகள், அவ்வளவுதான். சாக்கிலிருந்து விழுந்தவை எல்லாம் பழந்துணிகள். கழுத்துப்பட்டை நைந்த சட்டைகள், சேறு ஏறிச் செம்மண் நிறத்துக்குப் போய்விட்ட வேட்டிகள், கை துடைத்துத் துடைத்தே முந்தானை வெளுத்த சேலைகள். யார் யாருடைய வியர்வையோ அறை முழுக்க நிறைந்தது. வரிக்கணக்குக் கொடுக்க வந்து காத்திருந்த பாத்திரக்கடைக்காரர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, அப்புறமாக வருவதாகச் சொல்லி இறங்கிப் போய்விட்டார். அவர் விட்டுப்போன நாற்காலியில் மதினி சாவகாசமாக உட்கார்ந்தார். "பில்லு இருக்கு, பொருள் எங்கன்னு கேட்டீங்கள்ல கொழுந்தனாரே. பொருள் இந்தா கெடக்கு, பாத்துக்கங்க" என்றார்.

அவர் என் அண்ணன் மனைவி. சினிமாவுக்கு உடை வடிவமைக்கிற வேலை. கம்பெனி சம்பளக்காரர் இல்லை, தனியாகத் தொழில் செய்கிறவர். கல்லூரியில் ஆடை வடிவமைப்பு படித்துவிட்டு, கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு கடைக்குப் பிளவுஸ் மாதிரிகள் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். மதுரைப் பக்கம் கிராமத்துக் கதை எடுக்க வந்த ஒரு படக்குழு, உள்ளூரில் துணிமணி தெரிந்த ஆள் வேண்டுமென்று தேடியபோது இவர் போய் நின்றார். அதிலிருந்து, இந்தப் பக்கம் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிற யாராக இருந்தாலும் மதினியைக் கூப்பிடுவார்கள் என்றாகிவிட்டது. அண்ணன் அரசுப் பேருந்து ஓட்டுநர். வீட்டில் பாதி இடத்தைத் துணி அடைத்துக்கொண்டதைப் பற்றி அவருக்கு நிறையப் புகார் உண்டு, ஆனால் அதையெல்லாம் என்னிடம்தான் சொல்வார். மதினியிடம் சொல்கிற துணிச்சல் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

நான் ஆடிட்டர் இல்லை. ஒரு ஆடிட்டரிடம் பல காலம் வேலை பார்த்துவிட்டு, சிறு தொழில் செய்கிறவர்களுக்கு வரிக்கணக்குப் போட்டுக் கொடுக்கிறவன். ஆனால் தெருவில் எல்லோரும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் மறுப்பதில்லை. மதினியின் கணக்கு என்னிடம் வந்தபோது நான் மிகச் சுலபமான வழியைச் சொன்னேன். சினிமாவுக்கு உடை வடிவமைக்கிறவர்களுக்குச் சட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது. வந்த பணத்தில் பாதியை வருமானம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், மறுபாதியை எப்படிச் செலவழித்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பில் வேண்டாம், கணக்குப் புத்தகம் வேண்டாம், தணிக்கை வேண்டாம். என்னைப் போன்றவர்களுக்கு அது சொர்க்கம். மதினி கேட்டுவிட்டு, பாதிப் பணம் கையில் நிற்கிறது என்றால் நான் ஏன் இன்னும் உங்கள் அண்ணன் ஓட்டுகிற பேருந்தில் போய்க்கொண்டிருக்கிறேன் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வந்ததில் முக்கால்வாசி துணிக்கும் கூலிக்கும் வண்டிக்கும் போய்க்கொண்டிருந்தது. கம்பெனிக்காரர்களோ கொடுக்கும்போதே பத்தில் ஒரு பங்கை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். அதைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் செலவுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கழிக்க வேண்டும். அண்ணன் மகளின் கல்லூரிக் கட்டணமே அந்தத் திரும்பி வருகிற பணத்தைத்தான் நம்பியிருந்தது. அதனால் கடினமான வழியையே பிடித்தோம்.

அந்த வழியில் எனக்குத் தெரியவந்தவை கொஞ்சநஞ்சமல்ல. தையல் இயந்திரத்தின் தேய்மானம், வீட்டு மின்சாரத்தில் ஒரு பங்கு, நூல், பொத்தான், வேன் வாடகை இவையெல்லாம் சரி. டீத்தூள் பில் ஏன் இத்தனை இருக்கிறது, படப்பிடிப்பில் எல்லோருக்கும் நீங்களா டீ போடுகிறீர்கள் என்று கேட்டேன். புதுத்துணியைப் பழசாக்க டீத்தண்ணீரில் முக்க வேண்டுமாம். உப்புத்தாள் எதற்கு என்றால் முழங்கை தேய்க்க. தேங்காய்த் துருவி எதற்கு என்றால் வேட்டி ஓரத்தைப் பிசிறு பிசிறாக்க. எல்லாவற்றையும் செலவில் எழுதினேன். ஒரு படத்தின் பூஜைக்குக் கட்டிக்கொண்டு போன பட்டுச்சேலையையும் எழுதச் சொன்னார். தொழிலுக்காகத்தானே கட்டினேன் என்று வாதம். நாளைக்கு அதையே கல்யாண வீட்டுக்கும் கட்டிக்கொண்டு போவீர்கள், அது சொந்த உபயோகம், கழிக்க முடியாது என்று சொன்னேன். கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

டீத்தண்ணீரும் தேங்காய்த் துருவியும் கேமராவுக்குத் தூரத்தில் நிற்கிற ஆட்களுக்குத்தான் என்பது மதினியின் கொள்கை. பக்கத்தில் வந்து நிற்கிறவனின் சட்டை நிஜமாகவே ஒருத்தன் உடம்பில் கிடந்து உழைத்ததாக இருக்க வேண்டும். அதற்கு அவர் கண்டுபிடித்திருந்த வழிதான் மாற்று. மொத்தக் கடையில் புதுச் சேலைகளும் வேட்டிகளும் சட்டைகளும் கட்டுக்கட்டாக வாங்கி வேனில் ஏற்றிக்கொண்டு, மேலூர்ப் பக்கம், திருவாதவூர்ப் பக்கம் என்று ஊர் ஊராகப் போவார். பழசு ஒன்று கொடுத்தால் புதுசு ஒன்று. முதலில் யாரும் நம்பமாட்டார்கள். இந்தப் பொம்பளைக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று சிரிப்பார்கள், பிறகு வீட்டுக்குள் ஓடுவார்கள். அங்கேதான் ஒரு சிக்கல். நம் ஆட்கள் மானம் மரியாதை உள்ளவர்கள், அழுக்குத் துணியை அடுத்தவர் கையில் எப்படிக் கொடுப்பது என்று கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டு அலசிக் கொண்டுவந்துவிடுவார்கள். மதினிக்கு வேண்டியதே அந்த அழுக்குத்தான். முதுகில் உப்புப் பூத்து வரிவரியாக நிற்கிற வியர்வைக் கோட்டை எந்த டீத்தூளாலும் கொண்டுவர முடியாது. அதனால் வேனை விட்டு இறங்கும்போதே "தொவைக்காமக் குடுங்க, தொவைச்சது வேணாம்" என்று சத்தம் போட்டுக்கொண்டேதான் இறங்குவார்.

இப்படி வாங்கிய புதுத்துணிகளின் பில்களை எல்லாம் நான் செலவாகக் காட்டியிருந்தேன். ஒரு வருடம் நோட்டீஸ் வந்தது. முன்பெல்லாம் நோட்டீஸ் வந்தால் அலுவலகத்துக்குப் போய் அதிகாரியின் முகத்தைப் பார்த்து, தலையைச் சொறிந்து, நிலைமையைச் சொல்லலாம். இப்போது கேட்கிறவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்றுகூடத் தெரியாது, எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான். ஒரு பெண்மணி இவ்வளவு சேலை வேட்டிகள் வாங்கியிருக்கிறார், இவை தொழிலுக்குப் பயன்பட்டதற்கு என்ன ஆதாரம், கையிருப்பு எங்கே, சொந்த உபயோகத்துக்கும் உறவினர்களுக்கும் வாங்கியவை என்று ஏன் கருதக்கூடாது என்று கேட்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். புதுசு வாங்கிய பில் இருக்கிறது, புதுசு இல்லை. பழசு இருந்தது, அதற்குப் பில் இல்லை. அந்தப் பழசிலும் பெரும்பகுதி படக் கம்பெனியோடு சென்னைக்குப் போய்விட்டது. போகாமல் வீட்டில் தங்கிய மிச்சம்தான் அன்றைக்கு என் மேசைமேல் கவிழ்ந்தது.

சாக்கை அப்படியே கம்ப்யூட்டருக்குள் அனுப்ப முடியாது என்று மதினிக்கு விளக்கி, ஒரு வழி சொன்னேன். துணி மாற்றிக்கொண்ட ஆட்களிடம் ஒரு ஒப்புதல் கடிதம் வாங்கிவிடுவது. வாசகத்தை நானே எழுதினேன். 'இதன்மூலம் நான் தெரிவிப்பது யாதெனில், எனது பழைய துணியை முழுச் சம்மதத்துடன் மேற்படியாரிடம் கொடுத்து, அதற்கு ஈடாகப் புதிய துணி பெற்றுக்கொண்டேன்.' கீழே பெயர், ஊர், கையெழுத்து அல்லது கைநாட்டு. எழுதி முடித்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது. நறுக்கென்று இருக்கிறது, ஓட்டை இல்லை என்று நினைத்தேன். அச்சடித்து எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினோம்.

திருவாதவூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். பால் சொசைட்டி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தோம். மதினியைப் பார்த்ததும் மறுபடியும் புதுத்துணி வந்துவிட்டது என்று கூட்டம் சேர்ந்தது. கையெழுத்துத்தான் வேண்டும் என்றதும் பாதிப் பேர் நழுவினார்கள். காகிதத்தில் கையெழுத்து என்றால் சும்மாவா? புதுச்சேலை வாங்கினேன் என்று எழுதிக் கொடுத்தால் வசதியான ஆள் என்று முடிவு கட்டி முதியோர் பணத்தை நிறுத்திவிடுவார்களோ என்று ஒரு அம்மாள் கேட்டார். நிறுத்தமாட்டார்கள் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை, மதினி சொன்னதும் நம்பினார். நான் படித்துக் காட்டுவதும், மதினி அவரவர் கொடுத்த துணியை ஞாபகப்படுத்திக் கேலி பேசுவதுமாக வேலை நடந்தது. ஒவ்வொரு துணியும் அவருக்கு ஞாபகம் இருந்தது. அந்த நீலச்சேலை எந்தக் காட்சியில் வந்தது, யார் கட்டியிருந்தார் என்றெல்லாம் சொல்லச் சொல்ல, அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கிழிந்த சேலையைக் கதாநாயகியின் அம்மா கட்டியிருக்கிறார் என்று கேட்ட பெண் இன்னொரு முறையும் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். தொழில் தொடங்கியதிலிருந்து இப்படிச் சிரித்துக்கொண்டே ஆதாரம் திரட்டியது அந்த ஒரு நாள்தான்.

கடைசியாக ஊர்க்கோடியில் ஒரு வீட்டுக்குப் போனோம். வராதவர்களின் வீடு தேடிப் போனதில் அதுவும் ஒன்று. நடுவயதைத் தாண்டிய ஒருவர் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மதினியைப் பார்த்ததும் எழுந்தார், ஆனால் வாங்க என்று சொல்லவில்லை. கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை கொடுத்தீர்களே, வேட்டி வாங்கினீர்களே என்று மதினி ஞாபகப்படுத்தினார். அவர் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பேசாமல் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நான் காகிதத்தைத் திரும்ப வாங்குவதற்குள் அவர் மனைவி வெளியே வந்துவிட்டார். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார் போல, கையில் மண் காயவில்லை. கணவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கினார். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார். முழுச் சம்மதத்துடன் என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

"யாரு சம்மதம்?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு வேட்டியைக் கொண்டுவந்தார். கடையில் ஒட்டிய காகிதம்கூடப் பிரிக்காமல் மடிப்பு மடிப்பாக இருந்தது. அதைக் கட்டிலில் மதினி பக்கமாக வைத்தார். அவர் குரல் உயரவே இல்லை என்பதை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. "அது எம்மகன் சட்டை தாயி. மேலூருக்குப் போறதுக்கு முன்னால கழட்டிக் கொடியில போட்டுட்டு வேற சட்டை மாட்டிக்கிட்டுப் போனான். நாலுவழி ரோட்டுல லாரி அடிச்சிருச்சு. அவென் உடம்புல இருந்த துணியெல்லாம் ஆசுபத்திரியில வெட்டி எடுத்துட்டாக. கொடியில கெடந்தது ஒண்ணுதான் அவென் வாசத்தோட இருந்துச்சு. தொவைக்காம வச்சிருந்தேன். நான் வேலைக்குப் போயிருந்தப்ப இவுக தூக்கிக் குடுத்துட்டாக. வேட்டிய எடுத்துக்கங்க. சட்டையக் குடுத்துருங்க."

பிறகு என் கையில் இருந்த மற்றக் காகிதங்களைப் பார்த்து, இன்னொன்று கேட்டார். "இதுல நானும் கையெழுத்துப் போட்டா அது ஒங்களுதுன்னு ஆயிருமா தம்பி?"

வரி சம்பந்தமாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே மிகத் தெளிவான கேள்வி அதுதான். ஆமாம், அதற்காகத்தான் அந்தக் காகிதம். நான் அதைச் சொல்லவில்லை. உங்கள் கையெழுத்து வேண்டாம் அம்மா என்று மட்டும் சொல்லி, கணவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தையும் அவரிடமிருந்து வாங்கிக் கிழித்தேன். மதினி அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, சட்டையைத் தேடிக் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வண்டிவரைக்கும் கூட வந்த கணவர், மனைவிக்குக் கேட்காத தூரம் வந்ததும் என்னிடம் சொன்னார்: "பொழுதன்னைக்கும் கொடியில அது ஆடிக்கிட்டு நின்னுச்சு தம்பி. இவ அதுக்குக் கீழேயே படுத்துக் கெடந்தா. தொவைக்காத துணி வேணும்னு இந்தம்மா கேட்டப்ப வீட்டுல அது ஒண்ணுதான் தொவைக்காம இருந்துச்சு. கண்ணுல படாமப் போகட்டும்னு குடுத்துட்டேன்." அன்றையிலிருந்து மனைவி தன்னோடு பேசுவதில்லை என்றார். சோறு போட்டு வைப்பாராம். இவர் எடுத்துச் சாப்பிட்டுக்கொள்வாராம்.

மதினி மறுநாளே தேட ஆரம்பித்தார். அந்தச் சட்டை போன படம் பாதியில் நின்றுபோயிருந்தது. பணம் போட்டவர் கையை விரித்துவிட்டார். படப்பிடிப்பு நின்றதும் துணிமணி எல்லாவற்றையும் சென்னையில் ஒரு வாடகைக் குடோனில் போட்டிருக்கிறார்கள். உடைகள் வடிவமைத்தவருக்குச் சொந்தமில்லை, கம்பெனிக்குத்தான் சொந்தம். போனில் கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார். மதினி பேருந்து ஏறிச் சென்னைக்கே போனார். திரும்பி வந்தபோது வீட்டுக்குப் போகாமல் மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்திலிருந்து நேராக என் அலுவலகத்துக்குத்தான் வந்தார். குடோன் வாடகை கட்டமுடியாமல், உள்ளே இருந்த பழந்துணிகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். புதுசாகத் தெரிந்ததை எல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டு, நைந்ததை மட்டும் கட்டிப் பட்டறைகளுக்கு விற்கிற வியாபாரியிடம் தள்ளிவிட்டார்கள். "ஏதாவது ஒரு லேத்துல இந்நேரம் எண்ணெ தொடச்சிக்கிட்டு இருப்பாக கொழுந்தனாரே" என்று சொல்லிவிட்டு மதினி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து நான்தான் சொன்னேன், அதே மாதிரி ஒன்று செய்து கொடுத்துவிடுங்கள் என்று. உங்களால் முடியாததா? உலகமே நம்புகிற மாதிரி பழசாக்குவதுதானே உங்கள் தொழில். மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் மறுக்கவில்லை. செல்லூரில் ஒரு சந்துக்குள் இருந்த மொத்தக் கடையில் அதே கட்டம் போட்ட துணி கிடைத்தது. வெட்டித் தைத்தார். வெயிலில் போட்டு வெளுக்க வைத்தார். கழுத்துப்பட்டையை நைத்து, சட்டைப்பையின் ஓரத்தைப் பிரித்துவிட்டு மறுபடி தைத்தார். பிறகு காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிற ஒருவரிடம் கொடுத்து, துவைக்காமல் போட்டுத் திரும்பக் கொடுக்கச் சொன்னார். அது என் மேசைக்கு வந்தபோது நான் அசந்துபோனேன். முதுகில் உப்பு வரிகள் நிற்கின்றன, அக்குளில் மஞ்சள் படிந்திருக்கிறது, உழைத்த ஒருவனின் உடம்பு வாசம் அடிக்கிறது. பெற்றவள்கூடக் கண்டுபிடிக்க முடியாது என்று சொன்னேன்.

"அதாங்க எனக்குப் பயமா இருக்கு" என்றார் மதினி. "இதக் குடுத்தா அந்தக்கா மூஞ்சில வச்சுக்கிட்டு அழும். எவனோ ஒருத்தன் வேர்வைய மோந்து மோந்து அழும். அத நான் பாத்துக்கிட்டு நிக்கணும்." சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதைக் கிழித்துப் போட்டதாக அண்ணன் பிறகு சொன்னார்.

எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இன்றைக்கும் நான் என் கட்சியை விடவில்லை. அந்தம்மாள் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அந்த மனிதரோடும் பேசியிருப்பார். உண்மையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள்? நாள் முழுக்க ஆதாரம், உண்மை நகல் என்று கேட்டுக்கொண்டே பிழைக்கிற நான் இப்படிச் சொல்லக்கூடாது என்று மதினி சொன்னார். நகல் என்றாலே அது நகல் என்று மேலே எழுதவேண்டும் என்று நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனால் பதில் இல்லாததால் மட்டும் ஒருவர் சொல்வது சரியாகிவிடாது.

நோட்டீசுக்குப் பதில் அனுப்ப வேண்டிய கெடு நெருங்கிவிட்டது. கிடைத்த கடிதங்களை எல்லாம் இணைத்து, துணி மாற்றும் முறையை விளக்கி எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் மதினி வந்து, அந்த ஒரு வேட்டியை மட்டும் செலவிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு வேட்டியின் விலையால் வரியில் ஒரு மாற்றமும் வராது, வீணாகச் சந்தேகத்தைத்தான் கிளப்பும், வேண்டாத வேலை என்று எவ்வளவோ சொன்னேன். "அது நான் செலவு பண்ணினது இல்லீங்க. அவுக திருப்பிக் குடுத்துட்டாக" என்று ஒரே பிடியாக நின்றார். வேறு வழியில்லாமல், ஒரு வேட்டியின் விலையை வரி செலுத்துபவர் தாமே முன்வந்து விட்டுக்கொடுக்கிறார் என்று எழுதினேன். சில மாதங்கள் கழித்து உத்தரவு வந்தது. முகம் தெரியாத அந்த அதிகாரி எங்கள் விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தார். அந்த வேட்டியின் விலையை மட்டும் வருமானத்தோடு கூட்டியிருந்தார். திரும்ப வரவேண்டிய பணம் வந்தது, அண்ணன் மகளுக்குக் கட்டணம் கட்டினோம். என் தொழிலில் அது ஒரு வெற்றி. மதினிக்குப் போன் செய்து சொன்னேன். நல்லது என்றார். பிறகு, நாளைக்கு அந்த வீட்டுக்குப் போய்வருவோமா என்று கேட்டார்.

கையில் ஒன்றும் இல்லாமல்தான் போனோம். அன்றைக்கு இருவருமே வீட்டில் இருந்தார்கள். கணவர் கட்டிலில், மனைவி நிலைப்படியில். மதினி அந்த அம்மாளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். படம் நின்றது, குடோன், எடைக்குப் போட்டது எல்லாவற்றையும் சொன்னார். லேத்துப் பட்டறையை மட்டும் சொல்லவில்லை. அந்த அம்மாள் அழவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்து நான் செருப்புப் போட்டபடியே நின்றிருந்தேன்.

"யாரு போட்டிருந்தா?" என்று கேட்டார்.

ஒரு சின்னப் பையன், கதாநாயகனுக்குக் கூட்டாளியாக வருகிறவன், நல்ல பிள்ளை என்றார் மதினி.

"அளவு சரியா இருந்துச்சா?"

"தோள்பட்டைதாங்க்கா கொஞ்சம் லூசு."

"எம்மகனுக்குத் தோளு அகலம்" என்றார் அந்த அம்மாள். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

மதினி தன் போனை எடுத்தார். படப்பிடிப்பில் ஒரு காட்சியை நிறுத்திவிட்டு மறுநாள் தொடரும்போது, எந்தப் பொத்தான் போட்டிருந்தது, எந்தக் கையை மடித்திருந்தது என்று மாறிவிடக்கூடாது. அதற்காக உடைக்காரர்கள் ஒவ்வொருவரையும் நடக்கவிட்டுப் போனில் வீடியோ பிடித்து வைத்துக்கொள்வார்கள். அந்தப் பையனைப் பிடித்தது மதினியின் போனில் இருந்தது. வாய்க்கால் கரையில் அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறான். வெயில் அடிக்கிறது. கட்டம் போட்ட சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அம்மாள் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது, பெயராக இருக்கும்.

"திரும்புவானா?"

"ஆமாக்கா. இப்பத் திரும்புவான்."

"நிப்பாட்டிரு தாயி."

மதினி நிறுத்தினார். அந்த அம்மாள் முதலிலிருந்து போடச் சொன்னார். மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தச் சொன்னார். இப்படி எத்தனை முறை என்று தெரியாது, நான் வெளியே வந்துவிட்டேன். முகம் வருகிற பகுதியை வெட்டிவிட்டு அனுப்பட்டுமா அக்கா என்று மதினி கேட்டது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. வேண்டாம் என்றார் அந்த அம்மாள். "அந்தப் புள்ள மொகத்த வெட்டாத. அவனும் ஒருத்தி பெத்தவந்தான்" என்றார். வெட்டாமலேயே அவர் கணவரின் போனுக்கு மதினி அனுப்பிவைத்தார்.

அதற்குப் பிறகு மதினி வேனை எடுத்துக்கொண்டு எந்த ஊருக்கும் போகவில்லை. படங்களுக்குக் கூப்பிட்டால் போகிறார். புதுத்துணியை டீத்தண்ணீரில் முக்கித்தான் கொடுக்கிறார். முன்னே மாதிரி இல்லை என்று இயக்குநர்கள் முகம் சுளிப்பதாகக் கேள்வி, வேலையும் குறைந்துவிட்டது. வரிக்கணக்குக் கொடுக்கிற மாதம் வந்தால் என் மாடிப்படி ஏறி வந்து, வந்ததில் பாதியை வருமானமாகப் போட்டுவிடுங்கள் கொழுந்தனாரே, பில் எதுவும் கொண்டுவரவில்லை என்கிறார். பாதி நிற்கவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையில் நிற்காத பணத்துக்கு வரி கட்டுகிறீர்களே என்று ஒவ்வொரு வருடமும் சண்டை போடுகிறேன். அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விடுகிறார்.

மேலூரில் எனக்கு இரண்டொரு கணக்குகள் உண்டு. அந்தப் பக்கம் போனால் அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் வருவேன். போன வாரமும் போயிருந்தேன். அந்த அம்மாளுக்குத் தொடுதிரைப் போன் பிடிபடவே இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததும், கணவர் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொள்கிறார். போடுங்க என்கிறார் மனைவி. இப்போதெல்லாம் அவரிடம் பேசுகிற வார்த்தைகள் இவைதாம், போடுங்க, நிப்பாட்டுங்க. கொஞ்சம் அசந்தாலும் அந்தப் பையன் திரும்பிவிடுவான், வேறு யாருடைய முகமோ வந்துவிடும். கொடியில் ஆடிய அந்தச் சட்டையைக் கண்ணால் காண முடியாமல் தூக்கிக் கொடுத்த மனிதர், அவன் திரும்புவதற்குள் நிறுத்தவேண்டும் என்பதற்காக, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.